ரொட்டி வண்டியிலிருந்து தொடங்கும் தரவரிசை: 18-ஆம் நூற்றாண்டின் தளபதிகள்

60,000 வீரர்களும் 40,000 குதிரைகளும் கொண்ட ஓர் ஐரோப்பியப் படையை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டுக்கு அது பெரிய படைதான், ஆனால் அரிய படை அல்ல. ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 900 கிராம் ரொட்டி என்றால் மொத்தம் 54 டன். குதிரைக்குப் பசும்புல் 25 கிலோவாவது வேண்டும். அது 1,000 டன். ரொட்டியை வண்டியில் ஏற்றிவிடலாம். நாள்தோறும் 1,000 டன் புல்லை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது, அது போகிற வழியிலேயே முளைத்திருக்க வேண்டும். அதனால்தான் அக்காலத்துப் படையெடுப்புகள் பெரும்பாலும் புல் வளர்ந்த பிறகு, மே மாத வாக்கில் தொடங்கின. குளிர் வந்ததும் படைகள் பாளையத்துக்குத் திரும்பின.

வழியிலுள்ள ஊர்களில் தானியத்தைப் பறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பறித்தார்கள்தான். ஆனால் அன்றைய சிப்பாய்களில் பலர் வற்புறுத்திச் சேர்க்கப்பட்டவர்கள். சிறு கூட்டமாக வெளியே அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். பறிப்பதற்கு வேறொரு வரம்பும் உண்டு. ஒரே இடத்தில் சில நாள் தங்கினால் சுற்றுவட்டாரம் வெறுமையாகிவிடும். ஆகவே மாவுக் கிடங்கு, அடுப்புக் கட்டி ரொட்டி சுடும் இடம், அங்கிருந்து படைக்கு ஓடும் வண்டித்தொடர் என்ற மூன்றும் அறுபடாமல் இருக்கும் தூரம்வரைதான் ஒரு தளபதியின் கை நீளும். அறுந்தால் அவருடைய வீரம் மூன்று நாளைக்குத்தான் தாங்கும்.

சிறந்த தளபதிகளின் பட்டியல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வென்ற சண்டைகளையும் எதிரியின் தலைகளையும் எண்ணுகின்றன. சண்டை ஒரு பகலில் முடிந்துவிடும். அந்தப் பகலுக்கு எத்தனை பேரை, எவ்வளவு தெம்போடு, எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார் என்பதில்தான் தளபதி தெரிகிறார். இந்தக் கட்டுரையின் வரிசை அதை முதல் அளவுகோலாக வைக்கிறது. அடுத்தது, கையில் இருந்தது என்ன, கையைக் கட்டியவர்கள் யார். கடைசியாக, போர் முடிந்தபின் என்ன மிஞ்சியது.

எண்ணிக்கைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எதிரிப்படையின் அளவை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் வென்றவர்கள். ஒட்டோமான், முகலாயப் படைகள் என்று வரும் லட்சங்களில் சமையற்காரர், வண்டிக்காரர், கடைக்காரர், குடும்பத்தார் எல்லாரும் அடக்கம். தேதியிலும் குழப்பம் உண்டு. சுவீடன் மன்னர் 12-ஆம் சார்லஸ் ரஷ்யாவின் பீட்டரிடம் தோற்ற பொல்தாவா சண்டை ரஷ்ய நாட்காட்டியில் 1709 ஜூன் 27, சுவீடன் நாட்காட்டியில் ஜூன் 28, இன்றைய நாட்காட்டியில் ஜூலை 8. இங்கே இன்றைய நாட்காட்டியே பின்பற்றப்படுகிறது.

அந்தச் சார்லஸ் இந்த வரிசையில் இல்லை. 1700-இல் நார்வாவில் பனிப்புயலுக்கு நடுவே தன்னைப்போல் மூன்று மடங்கு இருந்த ரஷ்யப் படையைச் சிதறடித்தவர் அவர். ஆனால் 1708-இல் உணவும் வெடிமருந்தும் ஏற்றிவந்த தன் தளபதி லேவன்ஹாப்டின் வண்டித்தொடருக்குக் காத்திராமல் தெற்கே திரும்பினார். அந்த வண்டிகள் லெஸ்நாயாவில் பறிபோயின. அடுத்து வந்தது ஐரோப்பா பல நூற்றாண்டுகளில் கண்டிராத கடுங்குளிர். பொல்தாவாவின் முடிவு அந்தக் குளிர்காலத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. நெப்போலியனும் இல்லை. 1796-97 இத்தாலியப் படையெடுப்பு ஒன்றே அவரைச் சேர்க்கப் போதும் என்று வாதிடலாம். ஆனால் அவரை அளக்க வேண்டிய பெரும்பகுதி 1800-க்குப் பின்னால் கிடக்கிறது. பாதி வாழ்க்கையை வைத்து ஒருவரை வரிசைப்படுத்துவது நியாயமல்ல.

டான்யூபுக்குப் போன சிவப்புச் சட்டைகள்

முதலிடம் ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோ கோமகனுக்கு. காரணம் பிளென்ஹைம் வெற்றியைவிட அதற்கு முன்னால் நடந்த நடை.

1704-இல் பிரெஞ்சு-பவேரியப் படை நட்பு நாடான ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவை நெருக்கியது. மார்ல்பரோவின் படையோ நெதர்லாந்துப் பக்கம் இருந்தது. மே 19 அன்று கொலோனுக்கு அருகிலுள்ள பெட்பர்கிலிருந்து புறப்பட்டார். கிளம்பும்போது சுமார் 21,000 பேர். வழியில் நட்பு நாட்டுப் படைகள் சேரச் சேர அது 40,000 ஆனது. ஐந்து வாரத்தில் சுமார் 400 கிலோமீட்டர் நடந்தார்கள். விடிகாலை 3 மணிக்கு நடக்கத் தொடங்கி 9 மணி வாக்கில் நிறுத்திவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கூடாரம் அடித்து, கொப்பரை ஏற்றியாகிவிடும். மூன்று நான்கு நாள் நடந்தால் ஒரு நாள் ஓய்வு. அடுத்து தங்கும் இடத்தில் உணவும் தீவனமும் முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருந்தன, அதுவும் ரொக்கம் கொடுத்து. காசு கைக்கு வரும் என்று தெரிந்தால் விவசாயி தானியத்தை ஒளிப்பதில்லை, தானே கொண்டுவந்து நிற்பான். ஹைடல்பர்கில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் புதுச் செருப்பு தயாராக இருந்தது. 400 கிலோமீட்டர் நடையில் பாதிவழியில் படை கரைவதற்குப் பெரிய காரணம் தேய்ந்துபோன செருப்புதான். அதை வசந்தகாலத்திலேயே யோசித்த தளபதிகள் அந்த நூற்றாண்டில் அதிகம் இல்லை.

எதிரியை ஏமாற்றும் வேலையும் இந்த நடைக்குள்ளேயே இருந்தது. முதலில் மோசெல் பள்ளத்தாக்குக்குப் போகிறார் என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். கோப்லென்ஸில் அவர் ஆற்றைக் கடந்து தெற்கே போனதும், பிலிப்ஸ்பர்கில் ரைன் மீது பாலம் கட்டுவதைப் பார்த்து, அல்சாஸைத் தாக்கப் போகிறார் என்று முடிவுகட்டினார்கள். டான்யூப்தான் குறி என்பது விளங்கியபோது அவரைத் தடுக்கும் காலம் கடந்திருந்தது.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிளென்ஹைம் சண்டையில் இரு பக்கமும் 50,000-க்கு மேல் இருந்தார்கள். கிராமத்தை அவர் விடாமல் தாக்கியதால் பயந்த பிரெஞ்சுத் தளபதிகள் 27 பட்டாளங்களை அந்தச் சின்ன ஊருக்குள் திணித்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பலருக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கவே இடமில்லை. அதற்குள் நடுப்பகுதி மெலிந்துவிட்டது. மார்ல்பரோ நெபல் ஓடையைக் கடந்து அங்கேதான் உடைத்தார். நடுவில் ஒரு கட்டத்தில் ஓபர்கிளாவ் ஊருக்கு அருகே அவருடைய அணி நொறுங்கவிருந்தது. வலப்பக்கத்தில் தானே திணறிக்கொண்டிருந்த ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினிடம் குதிரைப்படை கேட்டு ஆள் அனுப்பினார். யூஜின் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு கவசக் குதிரைப்படையை அனுப்பிவைத்தார். யூஜினுக்கு இந்த வரிசையில் ஆறாம் இடம். 1706 தூரின், 1717 பெல்கிரேடு ஆகியவற்றோடு அந்த ஒரு நிமிட முடிவும் அதற்குள் அடக்கம்.

மார்ல்பரோவின் கை பெரிதும் கட்டப்பட்டிருந்தது. அவர் மன்னர் அல்ல. கூடவே வந்த டச்சு அரசுப் பிரதிநிதிகள் சம்மதித்தால்தான் டச்சுப் படை சண்டைக்கு இறங்கும். 1705-இல் வெல்லக்கூடிய ஒரு சண்டையை அவர்கள் தடுத்தே விட்டார்கள். அப்படியிருந்தும் ரமிலீஸ், ஔடனார்ட் என்று வெற்றி தொடர்ந்தது. அவர் பெயரில் ஒரு கறை உண்டு. 1709 மால்ப்லாகேயில் களத்தைப் பிடிக்க நட்புப் படைகள் 20,000 பேருக்கு மேல் இழந்தன, தோற்ற பிரெஞ்சுப் படையின் இழப்பு அதைவிடக் குறைவு. எதிரி காட்டுக்குள் அரண் கட்டி முடிக்கும்வரை இரண்டு நாள் காத்திருந்ததன் விலை அது.

ஒரே உத்தி, இரண்டு முடிவுகள்

பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடெரிக்கை முதலிடத்தில் வைப்பவர்கள் பலர். இங்கே அவருக்கு மூன்றாம் இடம். அவருடைய புகழ்பெற்ற சாய்வு அணிவகுப்பு வெற்றி தந்த இடத்தையும் சறுக்கிய இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

சாய்வு அணி என்றால், எதிரியின் முழு வரிசையோடும் மோதாமல் ஒரு முனையில் மட்டும் நம் பலத்தைக் குவிப்பது. மற்ற முனையைப் பின்னே இழுத்து வைத்தால், எதிரியின் பாதிப்படை சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். சொல்ல எளிது. செய்ய மூன்று வேண்டும். எதிரி பார்க்காமல் அவன் பக்கவாட்டுக்கு நடந்துபோக மறைவு வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு சிற்றணிக்கும் அடுத்ததற்கும் நடுவே தன் வரிசையின் நீளத்துக்குச் சமமான இடைவெளி அடி பிசகாமல் இருக்க வேண்டும், இருந்தால்தான் ஒரே ஆணையில் எல்லாரும் திரும்பி முழு வரிசையாக நிற்க முடியும். இடைவெளி குறைந்தால் நெரிசல், கூடினால் வரிசையில் ஓட்டை. மூன்றாவது, நடுவழியில் யாரும் எதிரிக்குப் பதில் கொடுக்கத் திரும்பிவிடக் கூடாது.

1757 டிசம்பர் 5, லாய்தன். மூன்றும் கிடைத்தன. அந்த மேடுகளில் பிரஷ்யப் படை அமைதிக்காலத்தில் பயிற்சி எடுத்திருந்தது. போர்னா ஊருக்கு அருகில் ஆஸ்திரியரின் வலப்பக்கத்தைத் தாக்குவதுபோல் காட்டினார். அவர்கள் தம் சேமப்படையை அங்கே நகர்த்தினார்கள். பிரஷ்யர்கள் தாழ்வான குன்றுகளுக்குப் பின்னால் மறைந்து நடந்து, இடப்பக்கத்தில் போய் விழுந்தார்கள். சுமார் 35,000 பேர் ஏறத்தாழ 65,000 பேரை ஒரு குளிர்காலப் பிற்பகலில் உடைத்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 18, கோலின். உத்தி அதேதான். ஆனால் ஆஸ்திரியர்கள் மேட்டின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் நடந்துபோன பிரஷ்ய அணிகளின்மேல் குரோவியத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பொறுக்க முடியாமல் ஓர் அணி திரும்பியது, அடுத்ததும் திரும்பியது. சாய்வுத் தாக்குதல் நேர்த்தாக்குதலாக மாறி, மேட்டை நோக்கி ஏறியவர்கள் செத்தார்கள். ஃபிரெடெரிக் சுமார் 14,000 பேரை இழந்தார்.

1759 குனர்ஸ்டார்ஃப் இன்னும் மோசம். குளங்கள் களத்தைத் துண்டாடுவதைச் சரிவர வேவு பார்க்காமல், களைத்த படையை இறக்கினார். முதல் வெற்றி கிடைத்தபின் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. 50,000 பேரில் 19,000 பேர் போனார்கள். மன்னரும் தளபதியும் ஒருவரே என்பதால் அவரைத் தடுக்க யாரும் இல்லை. மார்ல்பரோவுக்கு இல்லாத அந்தச் சுதந்திரமே அன்று எமனானது. ஆனாலும் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ் மூன்றையும் ஏழாண்டு தாங்கி, தான் முன்பு பறித்த சைலீசியா மாநிலத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவரை மூன்றுக்குக் கீழே இறக்க மனம் வரவில்லை.

இரண்டாம் இடம் ரஷ்யாவின் சுவோரவுக்கு. முன்கூட்டிப் பழக்குவதும் வேகமாக நடப்பதுமே அவர் முறை. 1790 டிசம்பரில் ஒட்டோமான்களின் இஸ்மாயில் கோட்டைக்கு வந்ததும், கோட்டையின் அகழியையும் மதிலையும்போல் அருகிலேயே ஒரு மாதிரி அமைக்கச் செய்து, ஏணியும் விறகுக்கட்டுமாக இரவில் ஏறிப் பழக வைத்தார். சரணடைய 24 மணி நேரம் கொடுத்துவிட்டு, டிசம்பர் 22 விடியுமுன் தரைப்பக்கம் ஆறு அணிகள், ஆற்றுப்பக்கம் மூன்று அணிகளோடு பாய்ந்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்கியவர்களைவிடக் குறைந்தவர்கள் அல்ல. கோட்டை விழுந்தது, அதன்பின் ஊருக்குள் நடந்தது கொலைவெறி. 1794-இல் வார்சாவின் பிராகா புறநகரிலும் அவர் படை அதையே செய்தது. அவருடைய திறமையைச் சொல்லும் எவரும் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

1799 ஜூனில், 70-ஐ நெருங்கிய வயதில், இத்தாலிய வெயிலில் படையை 36 மணி நேரத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் நடத்திப்போய் டிரெபியாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டச் சொன்னார்கள். மலைப்பாதையில் வண்டி போகாது. 1,400-க்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளைத் தாவெர்னே ஊரில் தயாராக வைப்பதாகக் கூட்டாளிகளான ஆஸ்திரியர்கள் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கழுதைகள் இல்லை. ஐந்து நாள் வீணானது. கடைசியில் கோசாக் குதிரைவீரர்களை இறக்கிவிட்டு அவர்களுடைய குதிரைகளின் முதுகில் மூட்டை ஏற்றினார்கள். கோத்தார்டைத் தாண்டி, பேய்ப்பாலத்தில் சண்டையிட்டு, ஆல்ட்டார்ஃப் வந்தபோது லூசெர்ன் ஏரிக்கரையோடு மேலே போகப் பாதையே இல்லை, படகுகளும் எதிரியிடம். மலைமேல் ஏறி முவோட்டா பள்ளத்தாக்கில் இறங்கியபோதுதான், தான் சேரவேண்டிய ரஷ்யத் தளபதி கோர்சகோவின் படை சூரிச்சில் செப்டம்பர் 25-26 தேதிகளில் நொறுங்கிவிட்டது தெரிந்தது. பொறிக்குள் அகப்பட்ட படையைப் பனிமூடிய பானிக்ஸ் கணவாய் வழியாக வெளியே கொண்டுவந்தார். பீரங்கிகள் எல்லாம் போயின. 21,000 பேரில் முக்கால்வாசி உயிரோடு இறங்கினார்கள். தோல்வியில் முடிந்த இந்தப் படையெடுப்புதான் அவரை இரண்டாம் இடத்தில் நிறுத்துகிறது.

குதிரையும் பொதிமாடும்

ஆசியாவில் ஈரானின் நாதிர் ஷா நான்காவது, மராட்டியப் பேஷ்வா முதலாம் பாஜிராவ் ஐந்தாவது.

நாதிரின் அடையாளம் கர்னால் மட்டுமல்ல. 1733-இல் பாக்தாத்தை முற்றுகையிட்டிருந்தபோது ஒட்டோமான் தளபதி தோபால் ஒஸ்மான் பாஷாவிடம் படுதோல்வி அடைந்தார். சில மாதங்களுக்குள் படையை மறுபடி கட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் கிர்க்குக் அருகே அதே பாஷாவைத் தோற்கடித்துக் கொன்றார். 1739 பிப்ரவரி 24 கர்னால் சண்டை சில மணி நேரமே நடந்தது. பாளையத்தை விட்டு வெளியே வந்த முகலாயப் பிரிவுகளை ஒட்டகத்தின் மேலிருந்து சுடும் சிறு பீரங்கிகளாலும் நீள்துப்பாக்கிகளாலும் அழித்தார். பாளையத்தை அவர் தாக்கவே இல்லை. சுற்றி வளைத்துத் தானியத்தை அடைத்தார், பசி வேலையை முடித்தது. மார்ச் 22-இல் டெல்லியில் அவர் ஆணையிட்ட படுகொலையில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1747-இல் அவர் கொல்லப்பட்டதும் பேரரசு சிதறியது. மிஞ்சியது எதுவுமில்லை என்பதால் ஃபிரெடெரிக்குக்குப் பின்னால் நிற்கிறார்.

பாஜிராவின் 1728 பால்கேட் படையெடுப்பைப் படிக்கும்போது வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத் நிஜாம் பாஜிராவின் புணே வரை வந்து பிடித்துக்கொண்டார். யாராயிருந்தாலும் ஊரை மீட்கத் திரும்பி ஓடுவார்கள். பாஜிராவ் எதிர்த்திசையில் போனார். ஜால்னா, பேரார், கான்தேஷ், குஜராத் என்று நிஜாமின் நாட்டையே சுற்றி அலைக்கழித்தார். பெரிய பீரங்கி இல்லை, கூடவரும் சந்தை இல்லை, தானியம் வழியில் கிடைப்பதுதான். துரத்தும் வேகம் போதாமல் நிஜாம் தன் கனத்த பீரங்கிகளைப் பின்னால் விட்டார். அதற்குத்தான் பாஜிராவ் காத்திருந்தார். பிப்ரவரி கடைசியில் பால்கேட் அருகே தண்ணீரும் தானியமும் இல்லாத இடத்தில் நிஜாமின் படை அகப்பட்டது. பெரிய சண்டை இல்லாமலேயே மார்ச் 6-ஆம் தேதி முங்கி-சேவ்காவ் உடன்படிக்கை கையெழுத்தானது. அவருக்கு அப்போது வயது 27.

33 ஆண்டுகள் கழித்து அதே மராட்டியர்கள் பானிபட்டில் நேர்மாறாகச் செய்தார்கள். கனத்த பீரங்கி, பெண்டு பிள்ளைகள், யாத்திரை வந்தவர்கள் என்று பெருங்கூட்டத்தோடு ஓரிடத்தில் அகழி வெட்டி உட்கார்ந்தார்கள். எதிரியான ஆப்கான் மன்னர் அகமது ஷா துரானி யமுனையைக் கடந்து டெல்லிப் பாதையை அடைத்தார். இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்த படைதான் 1761 ஜனவரி 14 அன்று களத்தில் இறங்கியது.

அமெரிக்காவிலிருந்து பலர் வாஷிங்டனைச் சொல்வார்கள். 1777-இல் தன் படைக்கே பெரியம்மைத் தடுப்புக்காக அம்மை குத்த ஆணையிட்ட அவர் முடிவு பல சண்டைகளைவிட மதிப்புள்ளது. ஆனால் ஏழாம் இடம் அவருடைய துணைத்தளபதி நதானியல் கிரீனுக்கு. அவர் முன்பு படையின் தளவாடத் தலைமை அதிகாரியாக இருந்தவர். 1780 டிசம்பரில் தெற்குப் படையை ஏற்றதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆறுகளை அளந்து படகு எங்கே உண்டு என்று கணக்கெடுக்க அனுப்பியது. துரத்தி வந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் வேகத்துக்காகத் தன் வண்டிகளையே எரித்தார். 1781 பிப்ரவரி 14-இல் கிரீன் டான் ஆற்றைக் கடந்தபோது படகுகள் எல்லாம் அவர் பக்கக் கரையில். மார்ச் 15 கில்ஃபர்ட் சண்டையில் கிரீன்தான் களத்தை விட்டு விலகினார். ஆனால் சுமார் 2,000 பேரில் 500-க்கு மேற்பட்டவர்களை இழந்த கார்ன்வாலிஸால் அங்கே தங்க முடியவில்லை. எந்தப் பெரிய சண்டையிலும் வெல்லாமலேயே அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷாரைச் சார்ல்ஸ்டன், சவானா துறைமுகங்களுக்குள் அடைத்தார்.

எட்டாமவர் மைசூரின் ஹைதர் அலி. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக இறங்கிய அவர் பின்னால் 80,000 பேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேரைத் தன் மகன் திப்புவோடு சேர்ந்து அழித்தார். வாணங்களும் பீரங்கியும் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தின. சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த இன்னொரு கும்பினித் தளபதி மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பிறகு அவர் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஹைதரின் உண்மையான ஆயுதம் குதிரைப்படை செய்த பாழ். ஊர்களை எரித்து, மாடுகளை ஓட்டிப்போய், வண்டி இழுக்கவும் பொதி சுமக்கவும் கும்பினிப் படைக்கு மாடு கிடைக்காமல் செய்தார். அதில் வாடியவர்கள் அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழகப் பகுதியின் குடியானவர்கள். எதிர்த்து வந்த கும்பினித் தளபதி அயர் கூட் 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் வென்றும் துரத்திப் போக முடியவில்லை, காரணம் மாடு இல்லை. அவர் படை கடற்கரையை விட்டு நகர முடியாமல், சென்னையிலிருந்து கப்பலில் வரும் அரிசியை நம்பியே கிடந்தது.

அந்த அரிசியும் ஒருமுறை நின்றுபோகவிருந்தது. 1781 பிப்ரவரியில் கூட் கடலூரில் இருந்தார். தரைப்பக்கம் முழுவதும் ஹைதர். கடல்பக்கம் தொர்வ் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்றது. கும்பினிப் படையிடம் மிச்சமிருந்த உணவு கொஞ்ச நாளைக்குத்தான். அங்கேயே நில்லுங்கள் என்று ஹைதர் மன்றாடினார். தொர்வ் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பிப் போனார்.